தாடி ஐரிஸ்: இலை இடுப்பளவு, பூ ஒண்டும் இல்லை. இப்ப கிழங்கைக் கிளப்பலாமோ?

பின்வளவு:

வணக்கம். ரொறன்ரோ ஸ்காபரோவில முன்வளவுப் பாத்தியில தாடி ஐரிஸ் நிக்குது, இஞ்சி மாதிரிக் கிழங்கில இருந்து வளருற பூச்செடி. ஊதா, உயர வகை. நட்டு 4 வருசம். முதல் இரண்டு வருசமும் மே கடைசியில நிறையப் பூத்தது. போன வருசம் 2 தண்டு மட்டும். இந்த வருசம் ஒண்டுமே இல்லை, இலை மட்டும் நல்ல பச்சையா வளர்ந்து நிக்குது.

விபரம் இதுதான். பாத்தி தெற்குப் பக்கம், காலமை 9 மணியில இருந்து பின்னேரம் 3 மட்டும் வெயில் விழும். களிமண். கிழங்கு வெளியில தெரியத் தொடங்கினதால ஒவ்வொரு வசந்தத்திலயும் இஞ்சிக்குச் செய்யிற மாதிரி மண் அணைச்சிருக்கு. அதுக்கு மேல 2 அங்குலம் மரச்சீவல். பக்கத்தில புல்தரை, அதுக்கு வருசம் 3 தரம் பசளை போடுறது.

இப்ப புதுப் பிரச்சினை: 3 செடியில இலை நுனி மண்ணிறமாகிக் காயுது. ஒரு விசிறியை (விசிறி மாதிரி விரிஞ்ச இலைக்கொத்து) லேசா இழுக்க அப்படியே கையோட வந்திட்டுது. அடி கூழ் மாதிரி, பொல்லாத நாத்தம்.

பூக்காததும் அழுகினதும் ஒரே காரணத்தாலயோ? இப்ப ஜூலை நடுப்பகுதி. இப்பவே கிளப்பிப் பிரிக்கலாமோ, இலையுதிர் காலம் மட்டும் பொறுக்க வேணுமோ?

வரப்பு:

இப்பவே கிளப்புங்கள். பூத்து முடிந்து 6 வாரம் கழித்துப் பிரிப்பதுதான் முறை. ரொறன்ரோவுக்கு அது ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை. நிலம் உறைவதற்கு முன் புது வேர் பிடிக்க 6 முதல் 8 வாரம் வேண்டும். ஒக்ரோபரில் நட்டால் வேர் பிடிக்காத கிழங்கைப் பனி மேலே தள்ளிவிடும்.

பூக்காததற்கு முதல் காரணம் மண் அணைத்ததுதான். இஞ்சியும் மஞ்சளும் பழகிய கைக்கு வெளியே தெரியும் கிழங்கைக் கண்டால் மண் இழுத்து மூடத்தான் தோன்றும். இஞ்சி நிழலும் ஈரமும் கேட்கிற செடி, அதற்கு அது சரி. தாடி ஐரிஸின் முன்னோர் மத்தியதரைக் கடலோரத்துக் கல்லுச் சரிவுகளில் கோடை முழுக்க வெயிலில் காய்ந்தவை. எருமை குளத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்குமே, கிழங்கு மண்ணில் அப்படிக் கிடக்க வேண்டும். வேர் மண்ணுக்குள், முதுகு வெயிலில். களிமண்ணில் அதை மூடி, மேலே மரச்சீவலும் போட்டால் மழை பெய்த பிறகு நாட்கணக்கில் ஈரம் போகாது. பூவும் குறையும், அழுகலும் வரும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஆம், ஒரே காரணம்தான்.

இரண்டாவது காரணம் நெருக்கம். ஐரிஸில் பலருக்குத் தெரியாத விஷயம் இது: ஒரு கிழங்கு ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிந்த தாய்க்கிழங்கின் இரண்டு பக்கமும் குட்டிகள் வெடிக்கும். அவைதான் கோடையில் பருத்து, குளிரைக் கண்டு, அடுத்த மே மாதம் பூக்கும். தாய் இலையில்லாமல் வெறும் கட்டையாக நடுவில் கிடக்கும். 3, 4 வருடத்தில் நடுவெல்லாம் செத்த கட்டை, சுற்றிவரக் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பருக்க இடமில்லாத குட்டி இலை விடும், பூ விடாது.

மூன்றாவது, அந்தப் புல்தரைப் பசளை. பையில் உள்ள மூன்று எண்களில் முதலாவதை, அதாவது நைதரசன் வீதத்தைப் பாருங்கள். புல்லுக்கு விற்பதில் அது 25, 30 என்று இருக்கும். தூவும் வண்டி பாத்தி ஓரமாகப் போகும்போது குறுணி ஐரிஸ் மேலும் தெறிக்கும். அவ்வளவு நைதரசன் கிடைத்தால் இலை இடுப்பளவுக்கு வளரும், கிழங்கின் சதை இளகிப்போகும். இளகின சதையில் அழுகல் பக்டீரியா சுலபமாக ஏறும்.

9 முதல் 3 வரை 6 மணி நேர வெயில் போதும். அதில் பிழையில்லை.

ஒரு சின்ன விஷயம்: பிரிக்காத செடியில் பச்சை இலையைக் கோடையில் வெட்ட வேண்டாம். அடுத்த வருடப் பூவுக்கான சேமிப்பு அந்த இலையிலிருந்துதான் கிழங்குக்குப் போகிறது. இலையைக் குட்டையாக வெட்டுவது பெயர்த்து நடும் செடிக்கு மட்டும்.

மண்புழு:

வரப்பு சொன்னது சரி. ஆனால் நாற்றத்தை வைத்து வெறும் அழுகல் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒன்ராறியோவில் ஐரிஸ் அழுகுகிறது என்றால் முதலில் தேட வேண்டியது கிழங்குத் துளைப்பான் புழு. புழு துளைத்த ஓட்டை வழியாகத்தான் பக்டீரியா பெரும்பாலும் உள்ளே போகும். அழுகலை மட்டும் சுரண்டி எடுத்து நட்டால் புழு பக்கத்துக் கிழங்குக்கு நகர்ந்துவிடும்.

இப்படிப் பாருங்கள். இலையின் ஓரம் அரம்பப் பல் மாதிரிக் கடிபட்டிருக்கிறதா? இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் ஊறினது போல மங்கலான நீளக்கோடு தெரிகிறதா? விசிறியின் அடியில் ஈரமான மரத்தூள் போலக் கழிவு ஒட்டியிருக்கிறதா? இதில் இரண்டு இருந்தாலே புழுதான். நாறுகிற கிழங்கைக் குறுக்கே வெட்டினால் உள்ளே குடைந்த பாதை தெரியும். ஜூலையில் புழு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இருக்கும். வெளிர் ரோசா உடல், மண்ணிறத் தலை.

அதன் வருடக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மருந்தே தேவையில்லை. வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். ஓகஸ்ட் கடைசியிலிருந்து இலையுதிர் காலம் முழுக்க அந்துப்பூச்சி இரவில் வந்து காய்ந்த ஐரிஸ் இலையிலும் பக்கத்துச் சருகிலும் முட்டை இடும். முட்டை பனிக்காலத்தைச் சருகிலேயே கழிக்கும். ஏப்ரல் கடைசி, மே முற்பகுதியில், இலை ஐந்தாறு அங்குலம் இருக்கும்போது பொரிக்கும். குஞ்சுப் புழு ஊசித்துளை போட்டு இலைக்குள் நுழைந்து, இரண்டு தோலுக்கும் நடுவில் தின்றுகொண்டே கீழே இறங்கும். ஜூலையில் கிழங்கு. ஓகஸ்டில் மண்ணுக்குள் கூடு.

ஆகவே பிடிக்க வேண்டிய இடம் இரண்டு. நல்ல உறைபனி இரண்டு மூன்று தரம் விழுந்த பிறகு, நவம்பர் போல, இலை முழுவதையும் அடியோடு வெட்டிச் சருகைத் துப்புரவாக அள்ளுங்கள். முட்டையும் அதோடு போய்விடும். செப்டெம்பரிலேயே துப்புரவு செய்து விட்டுவிட்டால் அதற்குப் பிறகு வரும் பூச்சி மிச்ச இலையில் முட்டை இடும். அள்ளினதை வீட்டுக் கம்போஸ்டில் போடாமல் நகரசபை எடுக்கும் கடதாசிப் பையில் போடுங்கள்.

இரண்டாவது, மே மாதம் கிழமைக்கு ஒரு தடவை ஒவ்வொரு விசிறியையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீர்க்கோடு தெரியும் இடத்தை, கோட்டின் நுனியிலிருந்து அடிவரை, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தி இழுங்கள். உள்ளே இருக்கும் புழு நசுங்குவது விரலுக்குத் தெரியும்.

அமெரிக்கத் தளங்களில் இமிடாகுளோபிரிட், டைமெத்தோயேட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தேடி அலைய வேண்டாம். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் அழகுத் தோட்டத்துக்கு அப்படிப்பட்ட பூச்சிக்கொல்லி பாவிக்கத் தடை. பூச்சிப் புழுக்களைக் கொல்லும் நூற்புழு (கண்ணுக்குத் தெரியாத நுண்புழு) வாங்கலாம், அதற்குத் தடையில்லை. ஸ்ரைனர்னிமா கார்ப்போகாப்சே, ஹெற்றரோராப்டைற்றிஸ் பக்டீரியோஃபோரா என்ற இரண்டும் இந்தப் புழுவுக்குள் ஏறும். ஜூனில், புழு கிழங்குக்கு இறங்கும் நாட்களில், பாத்தியை நன்றாக நனைத்துவிட்டுப் பொழுதுபட்ட பிறகு ஊற்றுங்கள். வெயில் பட்டால் நூற்புழு செத்துவிடும். காய்ந்த மண்ணிலும் பலனில்லை.

பின்வளவு:

இரண்டு பேருக்கும் மிச்சம் நன்றி. நாறின கிழங்கை வெட்டிப் பார்த்தாச்சு. உள்ளுக்குப் பென்சில் மொத்தத்தில குகை, அதுக்குள்ள ரோசாப் புழு ஒண்டு, சரியா ஒண்டரை அங்குலம். மற்ற இரண்டிலயும் இலை ஓரம் பல்லுப் பல்லாக் கடிபட்டிருக்கு.

முழுப் பாத்தியையும் கிளப்பிறதெண்டால் எப்படி, ஒவ்வொரு படியாச் சொல்லுவீங்களோ? கிட்டத்தட்ட 40 விசிறி இருக்கும். பாதி அழுகினதைக் காப்பாத்தலாமோ, எறியவோ? களிமண்ணுக்கு மணல் கலக்கலாமோ?

வரப்பு:

முழுவதையும் கிளப்புங்கள். புழு இருக்கும் பாத்தியில் பாதியை விட்டுவைப்பதில் பயனில்லை.

செடியிலிருந்து 8, 10 அங்குலம் தள்ளி தோட்ட முள்ளுக் கரண்டியைச் செங்குத்தாக இறக்கி நெம்புங்கள். மண்வெட்டி வேண்டாம், கிழங்கு வெட்டுப்படும். கட்டியாக எழும்பி வருவதை ஹோஸால் கழுவினால்தான் எது தாய், எது குட்டி என்று தெரியும். கழுவும்போதே மண்ணில் செம்மண்ணிறக் கூட்டுப்புழு இருக்கிறதா என்று பார்த்து நசுக்குங்கள். குழி இருந்த இடத்தையும் கிளறிப் பாருங்கள்.

பிறகு பிரிப்பது. நடுவில் வளையம் வளையமாகத் தழும்போடு இலையில்லாமல் கிடக்கும் கட்டை முழுக்கக் குப்பைக்கு. வைத்துக்கொள்வது சுண்டுவிரல் நீளமாவது இருக்கும் உறுதியான குட்டி, ஒரு விசிறி, கீழே நல்ல வேர். இணைப்பு ஒடுங்கி இருக்கும் இடத்தில் கையால் மடக்கினாலே பட்டென்று ஒடியும். ஒடியாவிட்டால் கத்தி. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியை 70 வீத அல்ககோலில் துடையுங்கள். இதில் சோம்பல்பட்டால் ஒரு கிழங்கின் அழுகலைப் பத்துக் கிழங்குக்கு நீங்களே பரப்புவீர்கள்.

நல்ல கிழங்கு எது என்பதை விரல் சொல்லும். பெருவிரலால் அழுத்தினால் பச்சை உருளைக்கிழங்கு போல இறுக்கமாக இருக்க வேண்டும், வெட்டுமுகம் வெள்ளையாக இருக்க வேண்டும். அழுகல் ஒரு ஓரத்தில் மட்டும் என்றால் பழைய கரண்டியால் வெள்ளைச் சதை தெரியும் வரை சுரண்டி எடுங்கள். மண்ணிறக் கோடு ஒன்று மிஞ்சினாலும் அது திரும்ப வரும். பாதிக்கு மேல் போனதை எறியுங்கள். 40 விசிறியில் 20 தேறினாலே உங்கள் பாத்திக்குக் கூட.

தேறினதை 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீர் கலந்த வாளியில் 10 நிமிடம் அமிழ்த்தி எடுத்து, இலையை 6 அங்குலத்துக்குக் கூரை வடிவில் வெட்டி, நிழலான காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் பரப்பி வையுங்கள். வெட்டுமுகம் காய்ந்து தோல் கட்ட வேண்டும். காயாமல் ஈரத்தோடு நட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

ஒன்றைக் கவனியுங்கள். கழுவிக் காயவைத்த ஐரிஸ் கிழங்கு பார்வைக்கு அசல் இஞ்சி. சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், நாய்க்கும் அப்படித்தான். சாறு சிலருக்குத் தோலில் எரியும், கையுறை போடுங்கள்.

மணல் கலக்கவே வேண்டாம். களிமண்ணும் கொஞ்ச மணலும் சேர்ந்தால் வெயிலில் செங்கல்லாக இறுகும். பாத்தியைச் சுற்றியுள்ள தரையை விட 6 அங்குலம் உயர்த்துங்கள். அதுதான் களிமண்ணுக்கு மருந்து. நன்றாக உக்கின கம்போஸ்ட் 2 அங்குலம் போட்டு 10 அங்குல ஆழத்துக்குக் கிளறினால் போதும். பச்சை மாட்டெரு வேண்டவே வேண்டாம்.

நடும்போது 5 அங்குலக் குழி எடுத்து, நடுவில் மண்ணைக் குதிரை முதுகு போலக் குவியுங்கள். கிழங்கை அந்த முதுகில் வைத்து, வேரை இரண்டு பக்கமும் சரிவில் பரப்பி, மண் இட்டுக் கையால் இறுக்கி அமத்துங்கள். முடிந்த பிறகு கிழங்கின் மேல்பாதி கண்ணுக்குத் தெரிய வேண்டும். விசிறியை லேசாக இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. கிழங்குக்குக் கிழங்கு 16 முதல் 18 அங்குலம். மூன்றை முக்கோணமாக வைத்து விசிறிகள் வெளிப்பக்கம் பார்க்க நட்டால், புதுக் குட்டிகள் வெளியே நகரும், நடுவில் மோதாது.

நட்ட அன்று ஆழமாக ஒரு தடவை தண்ணீர். பிறகு மேல் 2 அங்குலம் காய்ந்தால் மட்டும். தினமும் ஊற்றுவது கூடாது. இலை நுனி கொஞ்சம் மஞ்சளானால் பயப்பட வேண்டாம், நடுவில் புதுப் பச்சை இலை வருகிறதா என்பதுதான் கணக்கு. இரண்டு மூன்று கிழமைக்குள் வந்துவிடும்.

எடிசன் தோட்டம்:

வரப்பு சொன்ன முறை அருமை. ரெண்டு இடத்துல மட்டும் என் கருத்து வேற.

ஒண்ணு பிளீச். 20 கிழங்கையும் முக்கணும்னு அவசியம் இல்லைங்க. அழுகலைச் சுரண்டின கிழங்குக்கு மட்டும் போதும். வெட்டுப்படாத நல்ல கிழங்குக்குக் காய வைக்கிறதுதான் பெரிய பாதுகாப்பு. சுரண்டின கிழங்கை நிழல்ல காய வைக்காம நேர் வெயில்லயே ஒரு நாள் வைங்க, குழிஞ்ச பக்கம் மேல பார்க்கிற மாதிரி. அந்தக் குழி கார்க் மாதிரி காஞ்சு இறுகணும். நல்லா இருக்கிற கிழங்கும் சுரண்டின கிழங்கும் ஒரே பாத்தியில வேண்டாம். சுரண்டினதை ஒரு வருஷம் தனியா நட்டுப் பாருங்க.

ரெண்டாவது உரம். அவர் சொல்லாம விட்டுட்டார். நடும்போது எதுவும் போட வேண்டாம். அடுத்த வசந்தத்துல இலை 4 அங்குலம் வந்ததும் 5-10-10 மாதிரி தழைச்சத்து (நைட்ரஜன்) குறைஞ்சதா ஒரு கைப்பிடி, கிழங்கு மேல படாம சுத்தி 6 அங்குலம் தள்ளி. பூ முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை. குட்டி பருக்கிற நேரம் அதுதான், பல பேர் அப்போ மறந்துடறாங்க. புல்தரைக்கும் பாத்திக்கும் நடுவுல ஒரு அடிக்கு உரம் விழாத இடைவெளி விடுங்க.

அமெரிக்கக் குறிப்புகள்ல ஐரிஸுக்குச் சுண்ணாம்பு போடச் சொல்லி இருக்கும். நியூ ஜெர்சி பக்கம் மண்ணு அமிலம், அதுக்காகச் சொல்றது. தெற்கு ஒன்ராறியோ மண்ணு பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுல உண்டானது, ஏற்கெனவே காரத்தன்மை இருக்கும். அங்க சுண்ணாம்பு வேண்டாம்.

அப்புறம், செடி ஊதான்னு மட்டும் சொல்லியிருக்கீங்க. பூவுல தொங்குற மூணு இதழ்ல மயிர்க்கற்றை மாதிரி தாடி இருந்துச்சுதானே? இலை புல்லு மாதிரி ஒடுங்கலா, அடியில இஞ்சி இல்லாம நார்வேர்க் கொத்தா இருந்தா அது சைபீரியன் ஐரிஸ். அதை இப்படி வெளிய காய விட்டா செத்துடும். அதுக்கு ஒண்ணு ரெண்டு அங்குல ஆழமும் ஈரமும் வேணும். 1999 முதல் கியூபெக்கோட சின்னமா இருக்கிற ஐரிஸ் வெர்சிகலர் இன்னும் ஒரு படி மேல, அது சதுப்பு நிலத்துச் செடி. எல்லாத்துக்கும் பேர் ஐரிஸ்தான், வளர்ப்பு ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர்.

மண்புழு:

சுண்ணாம்பு வேண்டாம் என்று எடிசன் சொன்னது சரி. தெற்கு ஒன்ராறியோவில் பல இடங்களில் மண்ணின் பிஎச் (அமில, கார அளவு) 7க்கு மேல், அதாவது காரம். ஐரிஸ் அதில் நன்றாகவே நிற்கும்.

பிளீச் விஷயத்தில் எடிசன் சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் புழு வந்த பாத்தி என்பதால் எல்லாக் கிழங்கையும் சுற்றித் திருப்பி ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளை இருந்தால் மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். கம்பி அரை அங்குலத்துக்கு மேல் தடையில்லாமல் போனால் உள்ளே ஆள் இருக்கிறது.

பின்வளவு:

தாடி இருந்தது, இலையும் ஒண்டரை அங்குல அகலம். ஆகத் தாடி ஐரிஸ்தான். கிளப்பி முடிஞ்சுது. 43 விசிறியில 24 நல்லது, 5 சுரண்டினது, மிச்சம் குப்பை. 6 புழு, 1 கூடு.

இரண்டே கேள்வி. கிழங்கு வெளியில தெரிய விட்டால் சனவரிக் குளிரில உறையாதோ? மரச்சீவல் இனி ஒருக்காலும் போடேலாதோ?

வரப்பு:

குளிரால் சாகாது. மைனஸ் 25க்கும் தாங்கும். கிழங்கைக் கெடுப்பது குளிரில்லை, மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறைவது. புதிதாக நட்டதை அது மண்ணிலிருந்து கிளப்பி மேலே தள்ளும். முதல் பனிக்காலத்துக்கு மட்டும், டிசம்பரில் நிலம் நன்றாக உறைந்த பிறகு, பைன் கொப்பு இரண்டைக் குறுக்கே போடுங்கள். நத்தாருக்குப் பிறகு தெருவோரம் எறிந்த மரத்தின் கொப்பே போதும். நிலம் உறைய முன் போட்டால் உள்ளே ஈரம் அடைபட்டு அழுகும். ஏப்ரல் முதல் கிழமை எடுத்துவிட வேண்டும். வேர் பிடித்த இரண்டாம் வருடத்திலிருந்து அதுவும் தேவையில்லை. வசந்தத்தில் ஏதாவது மேலே தள்ளப்பட்டிருந்தால் கிழங்கை அமுக்கி இறக்காதீர்கள், வேர் அறும். பக்கத்தில் மணல் குவித்துத் தாங்கிவிடுங்கள்.

மரச்சீவலைச் செடிகளுக்கு நடுவில் உள்ள வெற்று இடத்தில் மெல்லிசாகப் போடலாம். கிழங்கிலிருந்து ஒரு சாண் தள்ளியே நிற்க வேண்டும். ஆனால் சருகும் சீவலும் முட்டைக்கு இடம் என்பதால், புழு ஒழியும் வரை இரண்டு வருடம் வெறும் மண்ணாக விட்டுக் களையைக் கையால் பிடுங்குவது மேல்.

24 கிழங்கையும் நட வேண்டாம். உங்கள் பாத்தி 10 அடிக்கு 4 அடி என்றால், 18 அங்குல இடைவெளியில் 18 அளவில்தான் கொள்ளும். மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, பாத்தியின் முன் ஓரத்துக்குக் குட்டை வகை இரண்டு வாங்குங்கள். 8 முதல் 16 அங்குல உயரம், உயர வகைக்கு இரண்டு மூன்று கிழமை முந்திப் பூக்கும், காற்றுக்குச் சாயாது. செப்டெம்பரில் இன்னொரு தரம் பூப்பது வேண்டுமென்றால் வெள்ளை 'இம்மோர்ற்றாலிற்றி' பாருங்கள். ஒன்ராறியோவில் பிறந்த லொயிட் சுர்பிரிக் 1982இல் பதிந்த வகை. உறைபனி முந்தி வந்த வருடம் அந்த இரண்டாம் பூ கிடைக்காது. நிறத்தை நேரில் பார்த்துத் தெரிய ஜூன் முற்பகுதியில் பேர்லிங்ரனில் றோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸின் லேக்கிங் தோட்டத்துக்குப் போங்கள்.

அடுத்த மே மாதம் எல்லாம் பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜூலையில் பிரித்ததில் பெரிய கிழங்குகள் சில பூக்கும், மற்றவை அதற்கு அடுத்த வருடம். தண்டு வந்தால் பூ வாடியதும் பூவை மட்டும் கிள்ளுங்கள், எல்லா மொட்டும் முடிந்த பிறகு தண்டை அடியில் வெட்டுங்கள். அந்த வெட்டின் இரண்டு பக்கமும் கொண்டைக்கடலை அளவில் பச்சை முளை தெரியும். அதுதான் அடுத்த பூ. அதன் மேல் மண் இழுத்து மூடவேண்டாம்.